வானில் எழும் தற்காலிக வேலிகள்

நிலத்தில் ஒரு சாலையை அடைத்தால் அங்கே தடுப்புக் கட்டை நாட்டப்படுகிறது. இரவாயின் சிவப்பு விளக்கும் வைக்கப்படுகிறது. வானில் எல்லை வகுக்கப்படும்போது கண்ணுக்குப் புலனாகும் குறி எதுவுமில்லை. 2024ஆம் ஆண்டுக் குடியரசு தின விழாவையொட்டி, ஜனவரி 19 முதல் 26 வரை டில்லி விமான நிலையத்தில் காலை 10-20 மணி முதல் பகல் 12-45 மணி வரை விமானங்கள் இறங்கவும் புறப்படவும் தடை விதிக்கப்பட்டிருந்தது. ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ராக்கெட் செலுத்தப்படும் நாட்களிலும் சுற்றியுள்ள வான்வெளிக்கு இத்தகைய கட்டுப்பாடு உண்டு.

நிரந்தரத் தடைகளைக் கற்பது எளிது. ராஷ்டிரபதி பவனத்தின் மேலுள்ள தடைப் பிரதேசம் விமானப் படங்களில் அச்சிடப்பட்டுள்ளது. ஒருமுறை மனத்தில் பதிந்தால் போதும். தற்காலிகத் தடையோ அச்சிட்ட படத்தில் இராது. ‘நோட்டாம்’ என்னும் அறிவிப்பின் வாயிலாகவே விமானி அதை அறிகிறார். குறியீட்டு எழுத்துக்களும், அட்சரேகை தீர்க்கரேகை எண்களும், உயர வரம்புகளும் செறிந்த சில வரிகளே அவ்வறிவிப்பு. அதனைப் படிப்பது வேறு. தம் பாதையோடு பொருத்திப் பார்ப்பது வேறு. தடைப் பிரதேசத்தின் இலக்கணத்தைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவருக்கு இரண்டாவது திறமை தானே வந்துவிடும் என்று கருதுவது தவறு.

நேரக் கணக்கு ஒன்றே இதற்குப் போதிய உதாரணம். 2025 மே மாதத்தில் வடக்கு, மேற்கு இந்தியாவிலுள்ள 32 விமான நிலையங்கள் சிவில் போக்குவரத்துக்கு மூடப்பட்டன. மே 14ஆம் தேதி வரை என்பது அறிவிப்பு. நோட்டாமில் கையாளப்படுவதோ நம் நாட்டு நேரமன்று. ஐந்தரை மணி பின்தங்கிய சர்வதேசப் பொது நேரம். ஆகவே 14ஆம் தேதி 23-59 என்பது இங்கே 15ஆம் தேதி அதிகாலை 5-29 ஆகும். நள்ளிரவோடு தடை நீங்கியதென எண்ணும் விமானி ஐந்தரை மணி நேரம் ஏமாந்திருப்பார். அந்நிலையங்கள் 12ஆம் தேதியே திறக்கப்பட்டதிலும் ஒரு பாடம் உண்டு: நேற்றுப் படித்த நோட்டாம் இன்று மாறியிருக்கலாம்.

அறியாமையின் விளைவு சிறிதன்று. 2005 மே 11ஆம் தேதி, பென்சில்வேனியாவிலிருந்து கிளம்பிய இரு ஆசனச் செஸ்னா விமானமொன்று வழி தவறி வாஷிங்டனைச் சூழ்ந்த கட்டுப்பாட்டு வான்வெளியில் நுழைந்தது. வெள்ளை மாளிகையிலும் நாடாளுமன்றக் கட்டடத்திலும் இருந்தோர் அவசரமாக வெளியேற்றப்பட்டனர். போர் விமானங்கள் எச்சரிக்கைச் சுடர்களை வீசின. செஸ்னாவில் இருந்தவர்களிடம் தீய நோக்கம் எதுவுமில்லை. 2009 முதல், தலைநகரிலிருந்து 60 கடல் மைல் தூரத்துக்குள் கண்பார்வை விதிகளின்படி பறப்போர் தனிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டுமென அமெரிக்க அரசாங்கம் கட்டாயமாக்கியது.

நம் பயிற்சிப் பள்ளிகளிலும் இதனைத் தனிப் பாடமாகவே நடத்த வேண்டும். ஒவ்வொரு பறப்புக்கும் முன்னர் மாணவர் அன்றைய நோட்டாம்களைப் பெற்று, நேரத்தை மாற்றி எழுதி, எல்லையைப் படத்தில் பென்சிலால் வரைந்து, விலகிச் செல்லும் பாதையையும் அதற்குரிய எரிபொருளையும் கணக்கிட்டுப் போதகரிடம் காட்டட்டும். வர்த்தக விமானி லைசென்சுக்கு வேண்டிய 200 மணி நேரப் பறப்பை நிறைவு செய்யும் அவசரத்தில் இதற்கெல்லாம் ஓய்வேது என்று சிலர் கேட்கலாம். மேஜையில் நடைபெறும் இப்பயிற்சிக்கு ஒரு துளி எரிபொருளும் செலவாகாது. கைக்கருவியின் திரை எல்லையை வண்ணமிட்டுக் காட்டுகிறதே என்பதும் சமாதானமாகாது. கடைசியாகத் தகவல் ஏற்றப்பட்ட நேரத்துக்குப் பின் எழுந்த தடையை அத்திரை அறியாது. ஐயம் எழுந்தால் கூச்சமின்றி ரேடியோவில் கட்டுப்பாட்டு நிலையத்தைக் கேட்கும் பழக்கமும், மாணவர் முதன்முதலாகத் தனித்துப் பறக்கும் முன்பே ஏற்பட வேண்டும்.