சராசரியில் மறைந்த தாய்மார்

இலங்கையின் தாய்சேய் நலச் சேவை தெற்காசியாவுக்கே வழிகாட்டி என்று உலக நிறுவனங்கள் பாராட்டுகின்றன. அப்பாராட்டு வெறும் புகழுரை அன்று, உழைப்பால் வந்தது. மலேரியாக் கொள்ளைநோய் நாட்டைச் சூறையாடிய 1935ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த 1000 குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன்னே மாண்டன. இன்று அத்தொகை பத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. 1945ஆம் ஆண்டில் 1000 பேறுகளுக்கு ஏறத்தாழ 16 தாய்மார் இறந்தனர். ஐந்தே ஆண்டுகளில் அது ஆறுக்கும் குறைந்தது. அண்மைய ஆண்டுகளிலோ ஓர் இலட்சம் பேறுகளுக்கு முப்பதையொட்டிய அளவில் நிற்கிறது. செல்வம் கொழிக்கும் நாடுகள் மெல்ல மெல்லக் கடந்த தூரத்தை இச்சிறு நாடு விரைந்து கடந்தது என்பதை எவரும் மறுக்க முடியாது.

இவ்வெற்றி எவ்வாறு வந்தது? இலவச மருத்துவம் வந்தது; பெண்கல்வி பரவியது; மலேரியா நுளம்பை ஒழிக்க டி.டி.ரி. தெளிக்கப்பட்டது; புதிய மருந்துகள் கிடைத்தன; பயிற்சி பெற்ற மருத்துவமாது ஊர்தோறும் வீடு வீடாகச் சென்றாள். இவை யாவரும் அறிந்தவை. பலர் எண்ணிப் பாராதது ஒன்றுண்டு. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு, இந்நாடு தன் தாய்மாரை எண்ணக் கற்றுக்கொண்டது. கருவுற்றவள் எவள், பிறந்த குழந்தையின் நிறை என்ன, இறந்தவள் எதனால் இறந்தாள் என்று பதிந்தது, பதிந்ததை ஆராய்ந்தது, ஆராய்ந்ததைக் கொண்டு சேவையைத் திருத்தியது.

எந்த நோய் எவரை, எங்கே, எப்பொழுது, ஏன் பற்றுகிறது என்று கணக்கெடுத்து ஆராயும் இவ்வறிவுத்துறைக்கு நோய்ப்பரவலியல் என்று பெயர். தாய்சேய் நலத்தில் இதனைப் பட்டப்பின் படிப்பாகக் கற்ற வல்லுநர் நமக்கு வேண்டும். அவர்களும் நூலகத்தில் இருந்து மட்டும் கற்றவராய் இராமல், யாழ்ப்பாணத் தீவகத்தில் நின்று கற்றவராய் இருத்தல் வேண்டும். இன்று நாம் வலியுறுத்த விரும்புவது இதுவே.

தீவகம் ஏன் என்று கேட்போருக்கு ஒரு சிறு கணக்கைக் காட்டுவோம். நெடுந்தீவின் மக்கள்தொகை நாலாயிரத்தை அண்டியது. அங்கு ஆண்டொன்றில் 60 குழந்தைகள் பிறப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நாட்டின் சராசரிப்படி பார்த்தால், 55 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அங்கு ஒரு தாய் பேற்றினால் இறக்க வேண்டும். பத்தாண்டுக்கு ஒருத்தி இறப்பாளாயின், அத்தீவின் விகிதம் நாட்டின் விகிதத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேலாகிவிடும். ஆனால் கொழும்பில் அட்டவணையைப் புரட்டும் அதிகாரிக்கு அது புலப்படுமா? ஒன்பது ஆண்டுகளுக்குப் பூச்சியம், ஓராண்டுக்கு ஒன்று. தற்செயல் என்று கூறி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அவர்மீது குற்றமில்லை; அட்டவணை அவருக்கு அவ்வளவுதான் சொல்லும். அந்த ஒன்று யாழ்ப்பாண மாவட்டத்தின் தொகையில் கரையும். மாவட்டம் மாகாணத்தில் கரையும். மாகாணம் நாட்டில் கரையும். கடலில் கரைத்த பெருங்காயம் என்பது இதற்கன்றோ பொருந்தும்! தாயை இழந்த அந்த வீட்டுக்கோ அது ஒன்றன்று, எல்லாமும் அதுவே.

மருத்துவமனைக் கட்டடம் இல்லை என்பதன்று நமது முறைப்பாடு. ஊர்காவற்றுறையில் ஆதார மருத்துவமனை உண்டு. நெடுந்தீவிலும் மருத்துவமனை உண்டு. வேலணையும் புங்குடுதீவும் தரைப்பாதையால் குடாநாட்டுடன் இணைந்துள்ளன. ஆனால் நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய நான்குக்கும் கடலே வழி. நயினாதீவில் இருந்து குறிகட்டுவானுக்குச் சிறு பயணம். நெடுந்தீவில் இருந்தோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் வரவேண்டும். அதன்பின் யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குத் தரைவழி. 1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகில் பெண்களும் பச்சிளங் குழந்தைகளும் கொல்லப்பட்டது இந்தக் கடல்வழியிலேதான். அத்துயரைச் சுமந்தபடியே அம்மக்கள் இன்றும் அவ்வழியே வந்து போகின்றனர்.

தாய் மரணத்துக்கு மூன்று தாமதங்கள் காரணமாகின்றன என்று தடேயஸ், மெயின் என்னும் ஆய்வாளர் இருவர் 1994ஆம் ஆண்டில் எழுதினர். உதவியை நாட முடிவெடுப்பதில் தாமதம் முதலாவது. மருத்துவமனையை அடைவதில் தாமதம் இரண்டாவது. அடைந்தபின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம் மூன்றாவது. தீவுத் தாய்க்கு இம்மூன்றும் தனித்தனியே வருவனவல்ல. கடல் கொந்தளிக்கிறது, இரவு வந்துவிட்டது, விடியட்டும் பார்ப்போம் என்று வீட்டார் தயங்கும்போது, இரண்டாவது தாமதமே முதலாவது தாமதத்தைப் பெற்றெடுக்கிறது. பேற்றுக்குப் பின் பெருகும் குருதி விடியும்வரை காத்திருக்குமா? குருதி அமுக்கம் ஏறி வலிப்புக் கண்டவளுக்குச் சோளகக் காற்று வழிவிடுமா?

இவ்வாபத்தை அஞ்சியே, பேற்று நாள் நெருங்குமுன் குடாநாட்டுக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கும் தாய்மார் இருக்கின்றனர். அவ்வாறு தங்குவதற்கு ஆகும் செலவு என்ன? மூத்த பிள்ளைகளை யாரிடம் விட்டு வருகின்றனர்? உறவினர் இல்லாதவள் எங்கே தங்குகிறாள்? நாள் தப்பி முன்னரே வலி கண்டவர்கள் எத்தனை பேர்? இக்கேள்விகளுக்கு விடை நாட்டின் சராசரியில் இல்லை.

சிறு எண்ணிக்கையை வைத்து என்ன ஆராய முடியும் என்று சிலர் கேட்பர். இங்கேதான் முறையான கல்வியின் அருமை விளங்கும். இறந்தவர்களை மட்டும் எண்ணினால் எண்ணிக்கை சிறிதே. சாவின் வாயில்வரை சென்று மீண்ட தாய்மாரையும் சேர்த்து எண்ணினால் அது பெருகும். அவர்களை எவ்வாறு இனங்காண்பது என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் அளவுகோல் வகுத்துள்ளது. அவர்கள் உயிரோடு இருப்பவர்கள். என்ன நடந்தது என்று தம் வாயாலேயே சொல்ல வல்லவர்கள். படகு எத்தனை மணிக்குக் கேட்கப்பட்டது, எத்தனை மணிக்கு வந்தது, மறுகரையில் நோயாளர் வண்டி காத்திருந்ததா என்று ஒவ்வொரு பயணத்தையும் பதிந்து, பல தீவுகளையும் பல ஆண்டுகளையும் சேர்த்து நோக்கினால், அட்டவணை மறைத்த உண்மை உள்ளங்கை நெல்லிக்கனிபோல் விளங்கும்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். நெடுந்தீவின் கிணறுகள் பலவற்றில் நீர் உவர். நன்னீருக்கு அம்மக்கள் படும் பாடு நீண்ட கதை. வங்காளதேசத்தின் கடலோர மாவட்டமாகிய குல்னாவில் நடந்த ஆய்வுகள், உவர்நீர் அருந்தும் கர்ப்பவதிகளிடையே குருதி அமுக்க நோய் மிகுதியாய் இருப்பதைக் காட்டின. நம் தீவகத்திலும் அவ்வாறு உண்டா? உண்டெனில், குடிநீர்த் திட்டம் என்பது வசதிக்கான கோரிக்கை அன்று. தாய்மாரின் உயிருக்கான கோரிக்கை. இல்லையெனில், அந்த அச்சமாவது நீங்கும். எவ்வாறாயினும் அறிந்து சொல்ல ஒருவர் வேண்டும் அல்லவா?

தீவுகளும் ஆறுகளும் ஆராய்ச்சிக்குத் தடை என்று கருதுவோர் அதே வங்காளதேசத்தின் மத்லப்பை நோக்குக. ஆறுகளால் பிளவுண்டு, படகே வாகனமாய்க் கொண்ட எளிய நாட்டுப்புறம் அது. 1966ஆம் ஆண்டு தொட்டு அங்கு பிறப்பும் இறப்பும் இடப்பெயர்வும் வீடு வீடாகப் பதியப்பட்டு வருகின்றன. வயிற்றோட்டத்துக்கு வாய்வழிக் கரைசல் கொடுத்தால் உயிர் தப்பும் என்று மெய்ப்பித்ததில் மத்லப்புக்குப் பங்குண்டு. தாய்க்கு ஏற்புவலித் தடுப்பூசி போட்டால் பச்சிளங் குழந்தை காக்கப்படும் என்பதற்கும் அங்கிருந்து சான்று கிடைத்தது. உலகின் பெரும் பல்கலைக்கழகங்கள் அச்சேற்றுநிலத்துக்கு மாணவரை அனுப்பிக் கற்பிக்கின்றன. மத்லப்பால் முடிந்தது நம் தீவகத்தால் முடியாதா?

பதிவேட்டின் பயன் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இங்கிலாந்தும் ஒல்லாந்தும் சான்று. இங்கிலாந்தின் ஹேட்போட்ஷயரில் 1911ஆம் ஆண்டு முதல் மருத்துவமாதரும் சுகாதாரப் பெண் பணியாளரும் பிறந்த குழந்தைகளின் நிறையை எழுதி வைத்தனர். பல பதின்மங்களின் பின் டேவிட் பார்க்கர் என்னும் மருத்துவப் பேராசிரியர் அப்பேரேடுகளைத் தேடிப் பிடித்து, நிறை குறைந்து பிறந்தோர் முதிர்வயதில் இதய நோயால் இறப்பது மிகுதி என்று 1989ஆம் ஆண்டில் வெளியிட்டார். நெடுந்தீவுக்கு டெல்ப்ட் என்று பெயரிட்டுச் சென்ற ஒல்லாந்தரின் தாயகத்தில், 1944-45 குளிர்காலத்தில், முற்றுகையால் பெரும் பட்டினி நேர்ந்தது. அப்போது கருவில் இருந்தோரின் பேற்றுப் பதிவுகள் காக்கப்பட்டிருந்தமையால், தாயின் பட்டினி பிள்ளையின் ஐம்பதாம் வயதையும் தொடர்கிறது என்பது தெரியவந்தது. நம் மண்ணிலும் 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடை இருந்தது. தீவக மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தனர். அக்காலத்துத் தாய்மார் வயிற்றில் இருந்த பிள்ளைகள் இன்று முப்பதைக் கடந்தவர்கள். அவர்களே இப்பொழுது பெற்றோர். அவர்களது உடல்நலத்தைத் தொடர்ந்து நோக்குவார் யார்?

இதற்கான அடிப்படை நம்மிடம் இல்லாமல் இல்லை. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலேயே சமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். 1978ஆம் ஆண்டில் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவம் கற்பித்த பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம், தம் தோழருடன் வடபகுதிச் சுகாதாரப் பிரிவொன்றின் சிசு மரணங்களை ஆராய்ந்து 1985ஆம் ஆண்டில் வெளியிட்டார். நந்தி என்ற பெயரில் தமிழுலகம் அறிந்த எழுத்தாளரும் அவரே. எண்ணத் தெரிந்தவரும் எழுதத் தெரிந்தவரும் ஒருவராய் இருக்கலாம் என்பதற்கு அவர் சான்று.

ஆயினும் இன்றைய நிலை என்ன? சமுதாய மருத்துவத்தில் உயர்படிப்பை விரும்பும் மருத்துவர் கொழும்புக்குப் போகிறார். பயிற்சியின் ஒரு பகுதிக்கு வெளிநாடு செல்கிறார். 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின் சென்றவர் பலர் திரும்பவில்லை. எழுதிய ஆய்வேடு ஆங்கிலத்தில் நூலக அடுக்கில் உறங்குகிறது. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அந்தத் தாய்க்கு அதில் ஒரு வரியும் தெரியாது.

எனவே நாம் நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவது, யாழ்ப்பாண மருத்துவ பீடமும் மாகாண சுகாதாரத் திணைக்களமும் இணைந்து, தாய்சேய் நல நோய்ப்பரவலியலில் தீவகத்தைக் களமாகக் கொண்ட பட்டப்பின் படிப்பை வளர்க்க வேண்டும். மாணவர் சோளகக் காலத்திலும் வாடைக் காலத்திலும் அங்கு தங்கிப் பயில வேண்டும். இரண்டாவது, அப்படிப்பு மருத்துவருக்கு மட்டும் உரியதாய் இராமல், தகுதியுள்ள தாதியருக்கும் மருத்துவமாதருக்கும் புள்ளிவிவரம் கற்றோருக்கும் வழி திறக்க வேண்டும். மூன்றாவது, ஆய்வின் முடிவு பட்டம் வழங்குமுன் எளிய தமிழில் அத்தீவின் தாய்மார் முன் எடுத்துரைக்கப்பட வேண்டும். நான்காவது, படகு கேட்ட நேரமும் வந்த நேரமும் அடங்கிய கணக்கு ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் செய்கிறோம். சிறு தீவில் பெயரை மறைத்தாலும் ஆள் மறையமாட்டார். ஆகவே தாயின் அந்தரங்கத்தைக் காப்பதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். நடந்ததை உள்ளபடி எழுதும் மருத்துவமாது பழிக்கு அஞ்சும் நிலையும் இருக்கலாகாது. பழி தேடும் விசாரணையில் உண்மை ஒளிந்துகொள்ளும்.

நல்ல படகு கேட்கும் மக்களுக்கு ஆய்வேடா கொடுப்பது என்று வினவுவோரும் உளர். நியாயமான கேள்வி. படகு இன்றே வேண்டும். ஆய்வு முடியும்வரை எந்தத் தாயையும் காத்திருக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் படகைக் கேட்டு எத்தனை மனுக்கள் போயின? போதிய தேவை இல்லை என்ற ஒரு சொல்லால் ஒரு கோரிக்கை மடங்கிவிடும். அச்சொல்லை மறுக்கக் கணக்கு வேண்டும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. அரசாங்கத்தின் காதிலோ அழுகை ஏறுவதில்லை, எண்களே ஏறுகின்றன. நம் தாய்மாரின் அழுகையை எண்ணாக எழுதத் தெரிந்த பிள்ளைகள் நமக்கு வேண்டும்.

தீவகம் பெற்றெடுத்த கல்விமான்கள் பலர். கடல்கடந்து வாழ்ந்தும் ஊரை மறவாதோர் பலர். கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் மனமுவந்து கொடுக்கும் கைகள், ஒரு மாணவி இரண்டாண்டு நெடுந்தீவில் தங்கிப் பயில்வதற்கும் கொடுக்கட்டும். சராசரி வாழ்த்தப்படும் நாட்டில், சராசரிக்குள் அடங்காத தாய் ஒருத்தி இறங்குதுறையில் படகுக்காகக் காத்திருக்கிறாள். அவளையும் ஒன்றென்று எண்ணுவதே கற்றோரின் முதற் கடமை.