எச்சிலின் அருமை

எச்சில் என்றாலே நம் வீடுகளில் முகஞ் சுளிப்பார்கள். எச்சில் இலை, எச்சில் பாத்திரம், எச்சிற் கையால் காக்கை ஓட்டாத கருமி என்று, திரும்பின பக்கமெல்லாம் அதற்கு இகழ்ச்சிதான். ஆயினும் இராப் பகலாய் நம் வாயில் குடியிருந்து, கூலியின்றிப் பற்களைக் காத்துவரும் வைத்தியன் இந்த எச்சிலே.

நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரையில் உமிழ்நீர் சுரக்கிறது. அதில் 100-க்கு 99 பங்கு வெறும் ஜலம். சூக்ஷ்மமெல்லாம் மிச்சமுள்ள ஒரு பங்கில் இருக்கிறது. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அந்த அமிலமே பல்லை அரிக்கிறது. பெர்லின் நகரில் ஆராய்ச்சி நடத்திய மில்லர் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் 1890-ம் வருஷத்து நூலில் இதை விளக்கினார். உமிழ்நீர் சர்க்கரையைக் கழுவுகிறது. அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்கிறது. கால்ஷியமும் பாஸ்பேட்டும் அரிபட்ட இடத்தைப் பூசி அடைக்கின்றன. இனிப்பு உண்ட சில நிமிஷங்களில் ஏறும் அமிலம் அடங்குவதற்கு அரை மணியோ ஒரு மணியோ ஆகும். தூக்கத்திலோ இவ்வூற்று ஏறக்குறைய வற்றியே விடுகிறது.

நீரிழிவு வயதானவர்களின் வியாதி என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் அழிந்துபோவதால் சிறு குழந்தைகளுக்கும் அது வருகிறது. மிட்டாய் தின்றதால் வந்ததென்று தாயை ஏசுவது அநியாயம். 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில், லியோனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் ஏற்றினார்கள்; அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அதற்கு முன் இத்தகைய குழந்தைகள் பிழைப்பதே அரிது. பல்லைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் அது சிறுநீரோடு உடம்பின் ஜலத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. நா வறள்கிறது, உமிழ்நீர் குறைகிறது, குறைந்த அந்நீரிலும் சர்க்கரை கசிகிறது. காவற்காரனே திருடனுக்குச் சோறு போட்டாற் போல! ஈறுகளும் வீங்கி இரத்தம் கசியலாம். ஆனால் எல்லாருக்கும் இப்படி நேர்வதில்லை. இன்சுலினும் ஆகாரமும் ஒழுங்காக உள்ள பிள்ளைகளின் பற்கள், கண்டதையும் கொறிக்கும் மற்றப் பிள்ளைகளின் பற்களுக்குச் சளைத்தவை அல்ல. 'சர்க்கரைக்காரப் பையன், பல் போகத்தான் போகும்' என்று கைவிடுவது பேதைமை. வாய் உலர்கிறதென்று புளிப்பு மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வது அதனினும் பேதைமை. தண்ணீர் குடித்தால் போதும்.

நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து குழந்தை வியர்த்து நடுங்கும்போது மட்டும் பல்லைப் பற்றி நினைக்கவே கூடாது. டாக்டர் சொன்ன அளவு குளுகோஸைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். பிரக்ஞை தப்பியிருந்தாலோ வாயில் ஒன்றும் ஊற்றாமல் உடனே வைத்தியரை நாட வேண்டும். குழந்தை நன்றாகத் தெளிந்த பிறகு வாயைக் கொப்புளிக்கச் செய்து, பல்லையும் துலக்கிவிட்டால், இனிப்பு விடியும்வரை பல்லில் தங்கியிராது.

நான் உபாத்தியாயன், என் இனத்தாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அடிக்கடி தண்ணீர் கேட்கும் பையனைக் குறும்பன் என்று பெஞ்சில் ஏற்றாதீர்கள். நன்றாயிருந்த பிள்ளை திடீரென இளைத்து, ஓயாமல் தண்ணீர் குடித்து, ஓயாமல் வெளியே போகிறானென்றால், அன்றே பெற்றோருக்குச் சொல்லியனுப்புங்கள். ஒரு நாள் தாமதமும் ஆபத்து.

பெண் குழந்தைகளின் கதை இன்னும் கொடிது. கல்யாணம் தடைப்படுமென்று வியாதியை மறைக்கிறார்கள். உறவினர் வீட்டுக்குப் போனால் ஊசியும் இல்லை. கேட்டுக் கேட்டுத் தண்ணீர் குடிக்கவும் கூச்சம். எந்த வரனுக்காக இந்த வேஷம்? மறைத்து வைத்த நோய் ஈற்றில் தெரிகிறது, வாய் நாற்றத்தில் தெரிகிறது. சில சமயம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தெரிகிறது.

பல் வைத்தியரிடமாவது மறைக்காதீர்கள். ஈற்றில் சீழ் வைத்தால் இரத்தச் சர்க்கரையும் ஏறும். அவர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பல் பிடுங்க நேர்ந்தால், வழக்கமான ஆகாரமும் இன்சுலினும் தவறாதபடி காலை வேளையில் நேரம் கேட்டு வாங்குங்கள். மற்ற நாட்களில் புளோரைடு கலந்த பற்பசையால் காலையில் ஒருமுறை, படுக்கப் போகுமுன் ஒருமுறை. இரண்டில் எதையேனும் விட நேர்ந்தால் காலையை விடுங்கள், இரவை விடாதீர்கள்.