2032 தேர்தலை எங்கிருந்து கற்பனை செய்வது?

அமெரிக்க அதிபர் தேர்தலைக் கணினியில் நடத்திப் பார்க்கும் விளையாட்டுகளுக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. 1981இல் ஆப்பிள் கணினிக்காக ‘பிரசிடென்ட் எலெக்ட்’ வந்தது. 2004இல் தொடங்கிய ‘தி பொலிட்டிகல் மெஷின்’ ஒவ்வொரு அதிபர் தேர்தலுக்கும் ஒரு புதுப் பதிப்பு காண்கிறது. 2012இல் வெளியான ‘தி கேம்பெய்ன் டிரெயில்’ விளையாட்டை இணைய உலாவியிலேயே ஆடலாம். அதை ஆடுகிறவர்களே புதிய தேர்தல்களை எழுதிச் சேர்க்கிறார்கள். நடந்த தேர்தல் வேறு விதமாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். இனி வரப்போகும் தேர்தலைச் சிலர் எழுதுகிறார்கள். எதிர்காலத்தை எழுத உட்காருகிறவரின் மனம் முதலில் ஓடுவது வேட்பாளர்களை நோக்கித்தான். இந்த ஆளுநரை நிறுத்தலாமா, அந்த செனட்டரை எதிரே வைக்கலாமா, விவாத மேடையில் யார் தடுமாறுவார் என்று பெயர்களிலிருந்தே கதை பிறக்கிறது. அந்தத் தொடக்கமே தவறு என்பது என் கருத்து. வாக்காளர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், அவர்களுடைய வாக்கு எந்த விதிப்படி எண்ணப்படுகிறது, எண்ணி முடித்த பிறகு பதவியேற்பு நாள்வரை யார் யார் கையைக் கடந்து அது போகிறது என்பதை முதலில் அமைத்தாக வேண்டும். பெயர்கள் கடைசியில் வரட்டும்.

எதிர்காலத் தேர்தல் என்றதும் பலரும் 2028ஐ எடுத்துக்கொள்கிறார்கள். கற்பனைக்கு உண்மையான வேலை தருவது 2032தான். அமெரிக்காவில் அதிபரை முடிவுசெய்யும் தேர்வாளர் வாக்குகள் ஒவ்வொரு மாகாணத்துக்கும் எத்தனை என்பது பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கைப் பொறுத்தது. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களும் அந்தக் கணக்குப்படி மாகாணங்களுக்குப் பிரித்துத் தரப்படுகின்றன. அதனுடன் மாகாணத்துக்கு இரண்டு செனட் இடங்களும் தலைநகர் வாஷிங்டனுக்கு மூன்று வாக்குகளும் சேர்ந்தால் 538. பாதியைத் தாண்ட 270 வேண்டும். 2024க்கும் 2028க்கும் ஒரே பங்கீடு, 2020 கணக்கெடுப்பின் பங்கீடு. 2032இல்தான் 2030 கணக்கெடுப்பின் புதிய பங்கீடு நடைமுறைக்கு வரும். சென்ற முறை டெக்சாஸ் இரண்டு இடங்கள் கூடுதலாகப் பெற்றது. கலிஃபோர்னியா தன் வரலாற்றில் முதன்முறையாக ஓர் இடத்தை இழந்தது. நியூயார்க் மாகாணம் ஓர் இடத்தைக் கைவிட நேர்ந்தது வெறும் 89 பேர் குறைந்ததால். அதே திசையில்தான் மக்கள் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். தொகுதி மறுவரையறை பற்றி நாடாளுமன்றத்திலும் தெருவிலும் வாதாடிக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டுக்கு, தலையெண்ணிக்கை எப்படி அதிகாரமாக மாறுகிறது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நகர்வு என்ன செய்யும் என்று பார்க்க 2024 கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். கமலா ஹாரிஸ் பெற்றது 226. பென்சில்வேனியாவின் 19, மிச்சிகனின் 15, விஸ்கான்சினின் 10 ஆகியவற்றையும் அவர் வென்றிருந்தால் மொத்தம் 270. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பல ஆண்டுகளாக ஜனநாயகக் கட்சியின் கணக்கு இந்த மூன்று மாகாணங்களை நம்பியே இருக்கிறது. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் 2030க்குப் பிறகு இன்னும் சில இடங்களை இழந்தால், அதே மாகாணங்களை அதே விதமாக வென்றாலும் 270 வராது. ஒருவர் கூட வாக்கை மாற்றிப் போடாமலே தேர்தல் முடிவு மாறிவிடும். அந்த 226க்குள் இன்னொரு வாக்கும் ஒளிந்திருக்கிறது. நெப்ராஸ்கா தன் தேர்வாளர் வாக்குகளைத் தொகுதிவாரியாகப் பிரித்துத் தருகிற மாகாணம். மெய்ன் மாகாணமும் அப்படியே. ஒமாஹா நகரைச் சுற்றிய தொகுதியின் ஒற்றை வாக்கு ஹாரிஸுக்குப் போனது. நெப்ராஸ்கா தன் சட்டத்தை மாற்றி அனைத்தையும் மாகாண அளவில் முந்தியவருக்கே தந்திருந்தால், நாம் கற்பனை செய்த 270 எதிர் 268 என்பது 269 எதிர் 269 ஆகியிருக்கும். அந்த நிலையில் அதிபரைத் தேர்ந்தெடுப்பது பிரதிநிதிகள் சபை. அங்கே ஒரு மாகாணத்துக்கு ஒரு வாக்குதான். 52 உறுப்பினர்களை அனுப்பும் கலிஃபோர்னியாவும் ஒரே ஓர் உறுப்பினரை அனுப்பும் வயோமிங்கும் அந்த அறையில் சமம். 26 மாகாணங்கள் யார் பக்கமோ அவரே அதிபர். 1824 தேர்தலில் அதிக வாக்குகள் பெற்ற ஆண்ட்ரூ ஜாக்சன் பதவிக்கு வராமல், 1825இல் சபையின் தேர்வில் ஜான் குவின்சி ஆடம்ஸ் வந்தது இந்த வழியில்தான். நல்ல வேட்பாளர் ஜோடியைத் தேடிக் களைக்கிற விளையாட்டு எழுத்தாளருக்கு ஒமாஹாவின் ஒரு வாக்கைவிட நல்ல கதைக்கரு கிடைக்குமா?

வாக்காளர்களைக் கற்பனை செய்வது இதைவிடக் கடினம். அதை முதலில் முயன்றவர்களுக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. 1959இல் தொடங்கப்பட்ட சிமுல்மேட்டிக்ஸ் என்ற நிறுவனம், பழைய கருத்துக்கணிப்புகளில் பதில் சொன்ன லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் திரட்டி, அமெரிக்க வாக்காளர்களை 480 வகைகளாகப் பிரித்தது. வட்டாரம், மதம், வருமானம், பாலினம், கட்சிச் சார்பு ஆகியவற்றின் சேர்க்கையே ஒவ்வொரு வகையும். 1960இல் ஜான் கென்னடியின் தரப்புக்காக, அவருடைய கத்தோலிக்க மதம் பெரிய பேச்சானால் எந்த வகையினர் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். இன்றைய தேர்தல் விளையாட்டுகளின் எலும்புக்கூடு பெரும்பாலும் அதுதான்: மக்களை வகை பிரி, வகைக்கு ஒரு விருப்பத்தைக் கொடு, பிரச்சினை ஒன்றை எறிந்து சாய்வைக் கணக்கிடு. இதில் உள்ள ஆபத்து, வகைகளைக் கல்லில் செதுக்கியதுபோல் நினைத்துவிடுவது. டெக்சாஸின் தென் எல்லையில் உள்ள ஸ்டார் கவுண்டியில் கிட்டத்தட்ட எல்லோரும் ஹிஸ்பானிய வம்சாவளியினர். 2012இல் அங்கே ஒபாமாவுக்குக் கிடைத்தது சுமார் 86 சதவீதம். 2020இல் பைடனுக்கு ஏறக்குறைய 52. 2024இல் டிரம்ப் அங்கே வென்றார். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எந்தக் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளரும் வெல்லாத இடம் அது. 2012இல் உட்கார்ந்து 2024ஐ எழுதிய ஒருவர் அந்தக் கவுண்டிக்கு ஜனநாயகக் கட்சியின் நீல நிறத்தைப் பூசிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். 2032இல் முதன்முறையாக வாக்களிக்கப்போகிறவர் 2014ஐ ஒட்டிப் பிறந்தவர். அவருடைய அரசியலை அவருடைய தாத்தாவின் பட்டியலில் எழுதி வைக்க முடியாது. ஆகவே நல்ல விளையாட்டில் ஒவ்வொரு வகையினருக்கும் இப்போதைய சாய்வு மட்டும் போதாது. எவ்வளவு வேகமாக, எதனால் மாறுவார்கள் என்ற அளவும் வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு பிழை பகடையை உருட்டும் விதத்தில் இருக்கிறது. மாகாணத்துக்கு ஒரு பகடை தனித்தனியாக உருட்டினால் திரையில் பரபரப்பு கூடும். இங்கே ஒன்று அந்தப் பக்கம், அங்கே ஒன்று இந்தப் பக்கம் என்று விழுந்துகொண்டே இருக்கும். உண்மையான தேர்தல் அப்படி விழுவதில்லை. 2024இல் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா ஆகிய ஏழும் இழுபறி மாகாணங்கள் என்று சொல்லப்பட்டன. ஏழும் டிரம்புக்கே போயின. ஏழும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாணயச் சுண்டல்கள் என்றால் அப்படி நடக்க 128இல் ஒரு வாய்ப்புதான். ஆனால் விலைவாசி மேலே எழுந்த கோபம் மாகாண எல்லையில் நின்றுவிடாது. கருத்துக்கணிப்புக்குப் பதில் சொல்ல விரும்பாத மனிதர் விஸ்கான்சினிலும் இருப்பார், மிச்சிகனிலும் இருப்பார். ஓரிடத்தில் கணிப்பு தவறினால் பக்கத்திலும் அதே திசையில் தவறும். 2016இல் இதை உணராத கணிப்பாளர்கள் ஹிலாரி கிளிண்டன் வெல்வது ஏறக்குறைய உறுதி என்று எழுதினார்கள். மூன்று மாகாணங்களில் மொத்தம் 78 ஆயிரம் வாக்குகளுக்கும் குறைவான வித்தியாசம், நாடு முழுக்க அவர் பெற்ற கிட்டத்தட்ட 29 லட்சம் வாக்குகள் முன்னிலையைப் பயனற்றதாக்கியது.

எனக்கு மிகவும் கவலை தருவது விளையாட்டு எங்கே முடிகிறது என்பது. பெரும்பாலானவை தேர்தல் இரவில், வரைபடம் சிவப்பும் நீலமுமாக நிரம்பியதும் முடிந்துவிடுகின்றன. 2020 ஜூனில் ‘டிரான்சிஷன் இன்டெக்ரிட்டி புராஜெக்ட்’ என்ற குழு வேறொரு பயிற்சி நடத்தியது. முன்னாள் அதிகாரிகள், இரு கட்சி அரசியல் அனுபவசாலிகள், பேராசிரியர்கள் என நூறு பேர் அளவில் கூடி, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, வாக்குப்பதிவு முடிந்த நாளிலிருந்து பதவியேற்பு நாள்வரை நான்கு விதமான சூழல்களை ஆடிப் பார்த்தார்கள். பைடன் பெரிய வித்தியாசத்தில் வெல்லும் ஒரு சூழலைத் தவிர மற்ற மூன்றும் நெருக்கடியில் போய் முடிந்தன. அப்போது அதை மிகைக் கற்பனை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 2021 ஜனவரி 2 அன்று ஜார்ஜியாவில் தேர்தலை மேற்பார்க்கும் மாகாணச் செயலரை அதிபர் டிரம்பே தொலைபேசியில் அழைத்து 11,780 வாக்குகளைக் ‘கண்டுபிடிக்க’ச் சொன்னதும், நான்கு நாள் கழித்து நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்ததும் உலகம் அறிந்தவை. ஜார்ஜியாவில் வித்தியாசம் 11,779. அந்த அழைப்புக்கு இணங்காத செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கர் டிரம்பின் சொந்தக் கட்சிக்காரர். எந்தத் தேர்தல் விளையாட்டிலாவது மாகாணச் செயலர் ஒரு பாத்திரமாக வருகிறாரா? வேட்பாளரின் வசீகரத்துக்குப் பத்துக்கு எட்டு என்று மதிப்பெண் போடும் இடத்தில், அந்த அதிகாரியின் முதுகெலும்புக்கு ஒரு மதிப்பெண் போட இடமில்லை. 2022இல் திருத்தப்பட்ட சட்டம், வாக்கு எண்ணும் கூட்டத்தில் துணை அதிபரின் வேலை வெறும் நடைமுறைப் பணி என்று தெளிவாக்கியது; ஆட்சேபம் எழுப்ப இரு அவைகளிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் வேண்டும் என்றது. 2032ஐ எழுதுகிறவர் இந்தச் சட்டம் முதல் கடும் சோதனையைச் சந்திக்கும் காட்சியை எழுதலாம்.

தோற்றவர் தோல்வியை ஏற்க மறுக்கும் வழிகளை விளையாட்டில் வைத்தால், அது மோசடிக்குப் பாடம் எடுப்பதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 2020இல் முயன்றவர்கள் எந்த விளையாட்டிலும் பயின்று வந்தவர்கள் இல்லை. ஓட்டைகள் பழைய சட்டத்திலேயே இருந்தன. அந்த வழியில் நடப்பதற்கு என்ன விலை, யார் தடுக்க முடியும், தடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆட்டக்காரர் தன் கையாலேயே அனுபவிப்பது, செய்தியில் படித்து மறப்பதைவிட ஆழமாகப் பதியும். மறைத்து வைத்த ஓட்டை யாரையும் காப்பாற்றியதில்லை.

முகங்களை ஒதுக்க முடியாது என்பது இதைவிட வலுவான மறுப்பு. டிரம்ப் என்ற ஒரு மனிதரை நீக்கிவிட்டுக் கடந்த பத்தாண்டு அமெரிக்க அரசியலை யாரால் எழுத முடியும்? 1960இல் தொலைக்காட்சி விவாதத்தில் கென்னடியின் தோற்றமும் நிக்சனின் களைப்பும் ஏற்படுத்திய தாக்கத்தை இன்றும் பேசுகிறார்களே? உண்மைதான், ஆளுமை எடை உள்ளது. ஆனால் 1960இன் முடிவைப் பாருங்கள்: கென்னடிக்கு 303, நிக்சனுக்கு 219. மீதி 15 தேர்வாளர்கள், களத்திலேயே இல்லாத வர்ஜீனியா செனட்டர் ஹாரி பேர்டுக்கு வாக்களித்தார்கள். பெரும்பாலும் மிசிசிப்பியும் அலபாமாவும் அனுப்பியவர்கள். யாருக்கும் கட்டுப்படாத தேர்வாளர்களை முன்கூட்டியே நிறுத்தி, கறுப்பின மக்களின் உரிமைகளுக்கு எதிராகப் பேரம் பேசலாம் என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது. இன்னும் சில மாகாணங்கள் எதிர்ப்பக்கம் போய், யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பேரம் மேசைக்கே வந்திருக்கும். விவாத மேடையை எல்லோரும் கற்பனை செய்துவிடுவார்கள். இந்தப் பதினைந்து பேரைக் கற்பனை செய்ய விதிப்புத்தகம் தெரிந்திருக்க வேண்டும். அதோடு, உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரைப் போட்டு அவர் செய்யாத ஊழலையும் சொல்லாத சொல்லையும் அவர்மேல் ஏற்றுவது, நாளை துண்டு துண்டாக வெட்டிப் பரப்பப்படும்போது விளையாட்டாகத் தெரியாது. அதற்காகவும் பெயர்களில் நிதானம் வேண்டும்.

விதியை எழுதிவிட்டால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. இலங்கையில் 1982இல் நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலிலிருந்தே இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குக்கு வாக்குச்சீட்டில் இடம் உண்டு. யாரும் பாதியைத் தாண்டாதபோது அவை எண்ணப்படும். 2024 செப்டம்பரில்தான் முதன்முறையாக அந்த நிலை வந்தது. அநுர குமார திசாநாயக்க 42 சதவீதம் பெற்றார், சஜித் பிரேமதாச ஏறக்குறைய 33. களத்திலிருந்து விலக்கப்பட்ட மற்ற வேட்பாளர்களின் வாக்குகள் முப்பது லட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து இருவருக்கும் சேர்த்துக் கிடைத்த விருப்பு வாக்குகள் மூன்று லட்சத்தைத் தொடவில்லை. மிகப் பெரும்பாலான வாக்காளர்கள் ஒரே பெயரோடு நிறுத்திவிட்டார்கள். அமெரிக்க வார்ப்பில் செய்த விளையாட்டு இயந்திரத்தில் இரண்டாம் எண்ணிக்கைக்கே இடம் இருக்காது. அதைச் சேர்த்தாலும், சட்டப் புத்தகத்தை மட்டும் படித்தவர் முப்பது லட்சம் வாக்குகளும் பிரிந்து போகும் என்று கணக்குப் போட்டிருப்பார். மெய்னிலும் அலாஸ்காவிலும் இப்போதே அதிபர் தேர்தலுக்கு வரிசைமுறை வாக்குப்பதிவு இருக்கிறது. 2032க்குள் அது இன்னும் சில மாகாணங்களுக்குப் பரவியதாக எழுதுகிறவர், எத்தனை பேர் உண்மையில் வரிசை குறிப்பார்கள் என்றும் யோசித்தே எழுத வேண்டும்.

அடுத்த அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நாள் 2030 ஏப்ரல் 1. எந்த மாகாணத்துக்கு எத்தனை இடம் என்ற எண்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் அதிபரின் மேசைக்குப் போக வேண்டும். 2032ஐ எழுத விரும்பும் இளைஞர் முதலில் திறக்க வேண்டிய கோப்பு அது. அது வரும்வரை மதிப்பீடுகளை வைத்து ஐம்பது மாகாணங்களையும் நிரப்பலாம், மாகாணச் செயலர்களை எழுதலாம், ஒமாஹாவின் ஒற்றை வாக்குக்கு இரண்டு கிளைக்கதைகள் அமைக்கலாம். வேட்பாளர் பெயருக்கான கட்டம் மட்டும் கொஞ்ச காலம் காலியாகவே இருக்கட்டும்.