கரையில் இறங்கினால் நடக்க வேண்டாமா?

கப்பலில் உல்லாசப் பயணம் போவது நம்மவர்களிடையே இப்போது பரவலாகி விட்டது. ஒரு காலத்தில் காசி, ராமேஸ்வரம் என்று இருந்தோம். பிறகு பத்ரிநாத், நேபாளம் என்று நீட்டினோம். இன்று பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் மத்தியதரைக் கடலையே ஒரு சுற்றுச் சுற்றி வருகிறோம். நல்லதுதான். ஆனால் போய் வந்தவர்களிடம் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கப்பலின் மாடிகளைப் பற்றியும், நள்ளிரவிலும் கிடைக்கும் சாப்பாட்டைப் பற்றியும், ஒரு மூலையில் பருப்பும் சாதமும் வைத்திருந்ததைப் பற்றியும் ஒரு மணி நேரம் சொல்வார்கள். கப்பல் நின்ற ஊர்களைப் பற்றிக் கேட்டால், பஸ் ஜன்னல் வழியாகக் கண்டதுதான் வரும். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

காடிஸ் என்ற ஊரையே எடுத்துக்கொள்வோம். ஸ்பெயின் நாட்டின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலுக்குள் நாக்கை நீட்டியது போல் கிடக்கும் துறைமுக நகரம். சென்ற ஆண்டு நானும் மனைவியும் போன கப்பல் அங்கே காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை நின்றது. பயண நிரலில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்திலேயே 'செவில் நகருக்காக' என்று அச்சிட்டிருந்தார்கள். அதாவது, காடிஸ் ஓர் ஊர் அல்ல. செவிலுக்குப் போகும் வாசற்படி! செவில் சுமார் 120 கிலோமீட்டர் தூரம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மீதி நேரம் கொடி தூக்கிய வழிகாட்டியின் பின்னால் ஓட்டம். செவில் மகத்தான நகரம் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் அதற்கென்று இரண்டு மூன்று நாள் ஒதுக்கிப் போக வேண்டும் என்கிறேன்.

பஸ்ஸில் ஏறுவதற்கு நம்மவர்கள் சொல்லும் முதல் காரணம் பயம். கப்பல்காரர்கள் நடத்தும் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. உண்மைதான். ஆனால் காடிஸில் கப்பல் நிற்பதே தெருமுனையில் என்று சொல்லலாம். எங்கள் வயதுக்கு, மூட்டு வலியோடு, பத்து நிமிடத்தில் நகரசபைக் கட்டடம் இருக்கும் சான் ஹுவான் தே தியோஸ் சதுக்கத்துக்கு வந்து விட்டோம். பழைய நகரத்துக்கு மூன்று பக்கமும் கடல். எந்தத் தெருவில் போனாலும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெரிந்துவிடும். தொலைந்து போவதற்கு அங்கே இடமே இல்லை!

கி.மு. 1104-இல் பினீசிய வணிகர்கள் நிறுவிய ஊர் என்பது மரபு வழிச் செய்தி. தோண்டி எடுத்த சான்றுகள் கி.மு. 9-ஆம் நூற்றாண்டு வரை போகின்றன. அந்தப் பினீசியத் தெருவையும் வீட்டுச் சுவர்களையும் ஒரு பொம்மலாட்ட அரங்கத்தின் அடியில் இறங்கிப் பார்க்கலாம். மேலே குழந்தைகளுக்குப் பொம்மலாட்டம், கீழே ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுப் பழைய அடுப்படி! சற்றுத் தள்ளி எல் பொப்புலோ என்ற பகுதியில் ரோமானியர் காலத்து அரங்கம் இருக்கிறது. 1980-இல்தான் அது வெளியே தெரிந்தது. இன்னும் ஒரு பகுதி வீடுகளுக்கு அடியிலேயே கிடக்கிறது. மேலே குடியிருப்பவர்கள் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறார்கள்.

என்னை மிகவும் கவர்ந்தவை தெரு முனைகள். வீட்டு மூலைகளில் பழைய பீரங்கிகளைச் செங்குத்தாகப் புதைத்து வைத்திருக்கிறார்கள். வண்டிச் சக்கரம் உரசிச் சுவர் சிதையாமல் இருக்க, நம் கிராமங்களில் மூலையில் கல் நட்டு வைப்போமே, அதே யோசனை. தெருக்கள் ஏன் இவ்வளவு குறுகலாக இருக்கின்றன என்பதும் நடந்தால்தான் புரிகிறது. கடற்கரைச் சாலையில் 'லெவாந்தே' என்னும் கீழைக்காற்று ஆளைத் தள்ளுகிறது. பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்தால் நிழலும் அமைதியும்.

அண்ணாந்து பார்த்தால் வீடுகளின் மேல் கோபுரங்கள். 1717-இல் அமெரிக்க வணிகத்தின் நிர்வாகம் செவிலிலிருந்து காடிஸுக்கு மாற்றப்பட்டது. வணிகர்கள் தங்கள் கப்பல் வருகிறதா என்று பார்க்க மாடிக்கு மேல் கோபுரம் கட்டிக்கொண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவை இன்றும் நிற்கின்றன. அவற்றில் ஒன்றான தவீரா கோபுரத்தில் 1994 முதல் ஓர் இருட்டறை இருக்கிறது. கண்ணாடியும் வில்லையும் கொண்டு, ஊர் முழுவதையும் ஒரு வெள்ளை வட்டத்தின் மேல் அசையும் படமாக விழச் செய்கிறார்கள். பறக்கும் கடற்பறவை கூடத் தெரிகிறது. என் மனைவி படியேற முடியாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டாள்; அதில் மட்டும் அவளுக்குக் குறை.

1722-இல் தொடங்கிய தேவாலயம் 1838-இல்தான் முடிந்தது. அமெரிக்க வணிகத்தில் அந்த ஊருக்கு இருந்த தனியுரிமை 1778-இல் போயிற்று. பணம் வற்ற வற்ற, கல்லின் தரமும் மாறிக்கொண்டே போனது. சுவரின் நிறத்தைப் பார்த்தே ஊரின் வரவு செலவுக் கணக்கைப் படிக்கலாம்! பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டிருந்தபோது, 1812 மார்ச் 19-இல், ஸ்பெயினின் முதல் தேசிய அரசியல் சட்டத்தைப் பிரகடனம் செய்ததும் இந்த ஊரில்தான். அதற்காகப் பிரதிநிதிகள் கூடிய சான் பிலிப்பே நேரி ஆலயம், தவீரா கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரம்.

இனி சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். உண்மையில் இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். மதியம் பன்னிரண்டரைக்கெல்லாம் நம்மவர்கள் சிலர் கப்பலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தாணேயைச் சேர்ந்த ஒரு நண்பரைக் கேட்டேன். "எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம் சார், வெளியிலே எதுக்கு தண்டச் செலவு?" என்றார். நாமெல்லாம் பிழைக்க வந்த இடத்தில் அப்படி எண்ணி எண்ணிச் செலவழித்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் அந்த ஊர்க்காரர் பக்கத்திலிருந்து பாருங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் காலையில் இறங்குகிறார்கள், தெருவை அடைத்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள், ஒரு காப்பி கூடக் குடிக்காமல் ஏறிப் போய்விடுகிறார்கள். அவருக்கு மிஞ்சுவது என்ன?

பார்சிலோனாவில் 2024 ஜூலையில் பயணிகள் மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சி ஊர் மக்கள் ஊர்வலம் போனதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். வீட்டு வாடகை ஏறியது அவர்களுடைய முக்கியமான கோபம். 2025 ஜூலையில் அந்த நகரசபையும் துறைமுகமும், பயணிக் கப்பல் முனையங்களை ஏழிலிருந்து ஐந்தாக 2030-க்குள் குறைப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டன. விருந்தாளியைக் கண்டு கதவைச் சாத்தும் நிலைக்கு ஓர் ஊர் வருகிறதென்றால், விருந்தாளியின் நடத்தையிலும் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

மும்பையில் இருக்கும் நமக்கு இது புரியாத விஷயமல்ல. பல்லார்ட் பியரில் இறங்கும் வெள்ளைக்காரர்களைக் குளிர்சாதன பஸ்ஸில் ஏற்றி, மகாலட்சுமி பாலத்தின் மேல் நிறுத்தி, கீழே துணி துவைப்பவர்களைப் படம் எடுக்கச் செய்வதைப் பார்த்து எத்தனை முறை முணுமுணுத்திருக்கிறோம்! ஸ்பெயினில் அந்த பஸ்ஸுக்குள் நாம்.

நாங்கள் சந்தைக்குப் போனோம். அங்கே மீன் கடைகளின் நடுவே புகுந்து வரச் சைவர்களுக்குக் கொஞ்சம் மன உறுதி வேண்டும். ஆனால் பக்கத்திலேயே சுருள் சுருளாக எண்ணெயில் பொரித்த 'சுரோ' கிடைக்கிறது. மாவும் தண்ணீரும் உப்பும்தான். மாவு முறுக்குக்கும் பஜ்ஜிக்கும் நடுவே ஓர் உறவு. இறால் சாப்பிடுபவர்களுக்கு அந்த ஊரின் பெயர் சொல்லும் பலகாரம் ஒன்று உண்டு: கடலை மாவும் கோதுமை மாவும் கலந்து, வெங்காயம் போட்டு, பொடி இறாலோடு மெல்லிசாகப் பொரிப்பது. கடைக்கார அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது, எங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது. விரலை நீட்டி வாங்கினோம். என் மனைவி சுரோவைப் பிட்டுப் பார்த்துத் தலையாட்டியதும் அந்த அம்மாள் இன்னொன்றை எடுத்துத் தட்டில் வைத்து, காசு வேண்டாம் என்று கையசைத்தாள்.

பிள்ளைகள் டிக்கெட் எடுக்கும்போது இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். கப்பல் நடுவில் மொராக்கோ போய்விட்டு மீண்டும் ஸ்பெயினுக்கு வருமானால், ஷெங்கன் விசா பலமுறை நுழைவதற்கு உரியதாக இருக்க வேண்டும். அடுத்தது, கப்பல் எந்தக் கிழமையில் காடிஸ் சேருகிறது என்பது. அந்தச் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.