ஹீமோபிலியாவும் மாவட்ட மருத்துவமனையும்: ஒரு மறுப்பு

இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களுள் ஒன்று பிறவியிலேயே குறைந்திருப்பதால் உண்டாகும் ஹீமோபிலியாவுக்கு வேலூர், சென்னை போன்ற நகரங்களின் பெரிய மருத்துவமனைகளே உரிய இடம் என்றும், கடலூர், சிதம்பரம் மருத்துவமனைகள் நோயாளியை அங்கு அனுப்பிவைத்தாலே போதும் என்றும் ஒரு கருத்து நிலவுகிறது. அதற்குச் சொல்லப்படும் நான்கு காரணங்களும் ஆய்வுக்குரியவை.

முதலாவது, வெட்டுக்காயத்தில் இரத்தம் நில்லாமல் போவதே இந்நோயின் ஆபத்து என்பதும், அது எப்போதோ நேர்வது என்பதும். உறைகாரணி எனப்படும் அப்புரதம் இயல்பளவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள கடுமையான நோயில், வெளிப்படையான அடி எதுவும் படாமலே முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் இரத்தம் கசிகிறது. அதிலுள்ள இரும்பு மூட்டுச் சவ்வை வீங்கச் செய்து குருத்தெலும்பை அரிப்பதால், அதே மூட்டில் கசிவு திரும்பத் திரும்ப நேர்ந்து ஊனத்தில் முடிகிறது. கூடுமானவரை இரண்டு மணி நேரத்துக்குள் உறைகாரணி செலுத்தப்பட வேண்டிய இந்நிலையில், கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலிலிருந்து வேலூர் சேர்வதற்குள் அந்நேரம் கடந்துவிடும். சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ எட்டும் தொலைவில் உள்ளது.

இரண்டாவது, சிறப்பு வசதிகள் இன்றிச் சிகிச்சை இயலாது என்பது. குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்படும் உறைகாரணித் தூளைக் கரைத்துச் சிரையில் செலுத்துவதைப் பல நாடுகளில் பெற்றோரும் நோயாளிகளுமே பயின்று வீட்டில் செய்துவருகையில், 1985இல் தொடங்கப்பட்டு இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாக உள்ள அண்ணாமலைநகர் நிறுவனத்துக்கு அது அரிய செயலன்று. அறுவை சிகிச்சையும், செலுத்திய காரணியை உடலே எதிர்க்கும் நிலைக்கான மருத்துவமும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஐந்து நோயாளிகளிடம் மேற்கொண்டு 2024இல் முடிவுகளை வெளியிட்ட மரபணுச் சிகிச்சையும் பெரிய மையங்களுக்கு உரியவை என்பது மெய்யே. ஆனால் அன்றாடச் சிகிச்சை அவற்றைச் சார்ந்ததன்று.

மூன்றாவது, கசிவு நேர்ந்தபின் மருந்திட்டால் போதும் என்பது. கசிவுக்கு முன்பே உறைகாரணியை முறையாகச் செலுத்தும் முற்காப்புச் சிகிச்சையை 1958 முதலே சுவீடன் கையாண்டது. 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அச்சிகிச்சை பெற்ற சிறுவருள் 93 விழுக்காட்டினருக்கு மூட்டுகள் சிதையாதிருக்க, கசிவுக்குப்பின் மட்டும் மருந்து பெற்றோருள் 55 விழுக்காட்டினருக்கே அந்நிலை வாய்த்தது. உறைதலுக்கான புரதங்களுள் ஒன்றான எட்டாம் உறைகாரணி ஏறத்தாழ 12 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால் வாரம் இரண்டு மூன்று முறை செலுத்த வேண்டியுள்ளது. அத்தகைய சிகிச்சையைத் தொலைநகரில் வைத்துப் பெறச் சொல்வது அதை மறுப்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது, செலவு. உறைகாரணியின் விலை மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது வேலூரிலும் கடலூரிலும் ஒன்றே என்பதால், இடத்தை மாற்றுவதால் மிச்சமாவது எதுவுமின்றிப் பயணச் செலவும் கூலியிழப்புமே கூடுகின்றன. தமிழக அரசு மருத்துவமனைகள் வழியே உறைகாரணி விலையின்றி வழங்கப்படுவதும், குறைந்த அளவில் செலுத்தும் முற்காப்பும் கசிவுகளைக் கணிசமாகக் குறைப்பதும், ஹீமோபிலியாவை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றிருப்பதும் இவ்வாதத்தை மேலும் தளர்த்துகின்றன.

2011 டிசம்பர் 30இல் கரைகடந்த தானே புயலும் 2015 வெள்ளமும் காட்டியதுபோல், கடலூர் மாவட்டத்தில் போக்குவரத்து முடங்குவது புதிதன்று. அந்நாள்களில் மாவட்டத்துக்குள் இருப்பில் உள்ள மருந்தே பயன்படும். ஆகவே சிகிச்சைத் திட்டத்தை வகுப்பதும் அறுவை செய்வதும் பெரிய மையத்தின் பொறுப்பாகவும், மருந்து இருப்பு, ஊசி, இயன்முறைப் பயிற்சி, குடும்பத்தாருக்கான பயிற்சி ஆகியவை மாவட்டத்தின் பொறுப்பாகவும் பிரிக்கப்படுவதே நோயின் இயல்புக்குப் பொருந்தும்.