புதுப்பித்த கைப்பேசியும் அதன் எஞ்சிய ஆயுளும்

பழைய பொருளை விலைக்கு வாங்கிப் பயன்படுத்துவது நம் நாட்டில் புதிய வழக்கமன்று. மிதிவண்டியும் தையல் இயந்திரமும் ஒரு குடும்பத்திலிருந்து மற்றொரு குடும்பத்திற்குக் கைமாறி, ஒரு தலைமுறைக்கு மேல் உழைத்ததை யாவரும் அறிவர். அவ்வழக்கம் இன்று ஸ்மார்ட் போனுக்கும் வந்துள்ளது. ஒருவர் பயன்படுத்திக் கழித்த கைப்பேசியைச் சோதித்து, பழுதுற்ற உறுப்புக்களை மாற்றி, பழைய பதிவுகளை அழித்து, குறிப்பிட்ட காலத்திற்கு உத்தரவாதம் அளித்து விற்பதே புதுப்பித்த கைப்பேசி வாணிகமாகும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஆசிரியரும் களப்பணியாளரும் குறைந்த விலையில் நல்ல கருவியை நாடுவதில் வியப்பில்லை.

எனினும், மிதிவண்டிக்கும் கைப்பேசிக்கும் முக்கியமான வேற்றுமை ஒன்று உண்டு. மிதிவண்டியின் முதுமை கண்ணுக்குத் தெரியும். சங்கிலியின் தேய்வும் டயரின் வெடிப்பும் தாமே உண்மையைச் சொல்லிவிடும். கைப்பேசியின் முதுமையோ மறைவானது. புறக்கண்ணாடியையும் மேலுறையையும் மாற்றிவிட்டால் ஐந்தாண்டுக் கருவியும் நேற்று வாங்கியதுபோல் மின்னும். ஆதலின், விலை எவ்வளவு என்று வினவுவதற்கு முன், ஆயுள் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று வினவுவதே முறை.

முதலாவது, பாட்டரியின் ஆயுள். கைப்பேசியில் உள்ள லித்தியம் அயனி மின்கலம் 1991-ஆம் ஆண்டில் வாணிகத்திற்கு வந்தது. அதனை உருவாக்கிய மூன்று அறிஞர்களுக்கு 2019-இல் ரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது. மின்னேற்றம் செய்யும்போது லித்தியம் அயனிகள் ஒரு மின்வாயிலிருந்து மற்றொன்றிற்குச் செல்கின்றன, பயன்படுத்தும்போது திரும்புகின்றன. இப்போக்குவரத்தில் கார்பன் மின்வாயின்மேல் மெல்லிய படலம் ஒன்று படிந்து, சிறிது சிறிதாக லித்தியத்தை விழுங்கிவிடுகிறது. வெப்பம் மிகுந்தால் இத்தேய்வும் விரைவுபடும். வெயிலில் அலையும் களப்பணியாளர் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். முதற் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே இறங்கிய பாட்டரி, பொதுவாக மாற்றத் தக்கதாகக் கருதப்படுகிறது. எனவே, பாட்டரி மாற்றப்பட்டதா என்பதையும், மாற்றப்படவில்லையேல் எஞ்சிய கொள்ளளவு எத்தனை விழுக்காடு என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். உப்பிய பாட்டரி உள்ள கருவியை எவ்விலைக்கும் ஏற்கலாகாது. மேலும், ஒருமுறை திறந்து மூடிய கைப்பேசி முன்போல் நீரைத் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது, மென்பொருளின் ஆயுள். பலர் கவனியாது விடுவது இதுவே. கைப்பேசியை இயக்கும் மென்பொருளில் அவ்வப்போது குறைகள் கண்டறியப்படுகின்றன. அவற்றை அடைக்கும் திருத்தங்களை, அதாவது அப்டேட்டுகளை, உற்பத்தியாளர் அனுப்பிவருகிறார். இது காலவரையற்ற உதவியன்று. கூகுள் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட பிக்சல் 8 மாதிரிக்கும், சாம்சங் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட கேலக்ஸி எஸ் 24 மாதிரிக்கும் ஏழாண்டுகள் வாக்களித்துள்ளன. விலை குறைந்த பல மாதிரிகளுக்கு இக்காலம் மிகக் குறைவு. இக்கணக்கு அந்த மாதிரி சந்தைக்கு வந்த காலத்திலிருந்து தொடங்குகிறதே அன்றி, இரண்டாம் உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து அன்று. காலம் கடந்த கருவி உடனே நின்றுவிடாது. ஆனால் அதன் பூட்டு பழுதாகியும் கதவு மூடியிருப்பது போன்ற நிலை ஏற்படும்.

அங்கன்வாடிப் பணியாளர் 2021 முதல் போஷண் டிராக்கர் செயலியில் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் பதிந்து வருகின்றனர். ஆசிரியர்கள் 2017-இல் தொடங்கப்பெற்ற தீக்ஷா தளத்தைக் கையாளுகின்றனர். அதே கைப்பேசியில் வங்கிக் கணக்கும் இருக்கிறது. பிறருடைய விவரங்களைச் சுமக்கும் கருவி காப்பற்றிருப்பின், நஷ்டம் வாங்கியவரோடு நிற்பதில்லை. நினைவகமும் கவனிக்கத் தக்கது. அரசு அளித்த கைப்பேசிகளின் நினைவகம் போதவில்லை என்று கூறி மகாராஷ்டிரத்து அங்கன்வாடிப் பணியாளர்கள் 2021-இல் அவற்றைத் திருப்பி ஒப்படைத்த செய்தி நினைவிருக்கலாம். பாட்டரியைப் பின்னர் மாற்றலாம். நினைவகத்தை அவ்வாறு பெருக்க இயலாது.

மூன்றாவது, கருவியின் அடையாளம். ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஐ.எம்.இ.ஐ. எனப்படும் 15 இலக்க எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். கே, ஒய், எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களையும், இடைவெளி விட்டு அவ்வெண்ணையும் 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், கருவியின் நிலை தெரியவரும். 2023-இல் தொடங்கப்பெற்ற சஞ்சார் சாத்தி தளத்திலும் இதனை அறியலாம். தடை செய்யப்பட்டது என்றோ, போலி எண் என்றோ மறுமொழி வந்தால் விலகிவிடுதலே நன்று. முந்தைய உரிமையாளரின் கணக்கு கருவியிலிருந்து நீக்கப்பட்டுள்ளதா என்பதையும் கடையிலேயே சோதித்தல் வேண்டும். இன்றேல், அவருடைய கடவுச்சொல் இன்றி அது பயன்படாத கட்டியாகிவிடும்.

இவற்றை அறிந்தபின் விலைக் கணக்கு எளிது. உதாரணமாக, ரூ. 9,000 விலையுள்ள ஒரு புதுப்பித்த கருவிக்குப் பாட்டரி மாற்ற ரூ. 1,500 ஆகும் என்றும், அப்டேட் இன்னும் 18 மாதங்களே கிடைக்கும் என்றும் கொள்வோம். மாதத்திற்கு ஏறக்குறைய ரூ. 583 விழுகிறது. ரூ. 13,000 விலையுள்ள புதிய கருவிக்கு 48 மாதங்கள் கிடைக்குமாயின், மாதத்திற்கு ரூ. 271 தான். மலிவாகத் தோன்றியது இருமடங்கு விலையாகிவிட்டது. மாறாக, புதிய பாட்டரியுடன் ரூ. 12,000-க்கு வரும் உயர்தர மாதிரி ஒன்றிற்கு அதே 48 மாதங்கள் எஞ்சியிருந்தால், மாதத்திற்கு ரூ. 250 ஆகும், அதைப் புதுப்பித்தது என்பதற்காகவே ஒதுக்குவது அறிவுடைமையன்று.

புதுப்பித்தலால் நாட்டிற்கும் நன்மை உண்டு. ஒரு கைப்பேசி தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிம வெளியீட்டில் பெரும்பகுதி அதனை உற்பத்தி செய்யும்போதே நிகழ்ந்துவிடுகிறது. ஆதலின் ஆயுளை நீட்டுவது மெய்யான சிக்கனமே. ஆயின், ஓராண்டில் குப்பைக்குப் போகும் கருவியால் அச்சிக்கனம் கிட்டாது. 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் புதுப்பிப்போரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கின்றன. இது நல்ல தொடக்கம்; ஆனால் வாங்குவோருக்கு இது மட்டும் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், புதிய கைப்பேசியின் பாட்டரி எத்தனை மின்னேற்றங்களைத் தாங்கும், பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பவற்றைக் காட்டும் சீட்டு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதுபோல, விற்பனைக்கு வரும் புதுப்பித்த கருவி ஒவ்வொன்றின் பெட்டியிலும் பாட்டரியின் கொள்ளளவு, மாற்றிய உறுப்புக்கள், அப்டேட் முடியும் மாதம் ஆகிய மூன்றையும் அச்சிடுதல் இங்கும் கட்டாயமாக வேண்டும். மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி இருப்பது போன்றதே இது.

அந்நாள் வரும் வரையில் வாங்குவோரே அம்மூன்றையும் கேட்டறிந்து, ரசீதில் எழுதி வாங்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையைவிட, சற்று விலை கூடினும் எழுதித் தரும் கடையே மலிவு. வாக்கு மீறப்பட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-இல் முறையிடும்போது அந்த ரசீதே சான்றாகும். புதியதா, புதுப்பித்ததா என்பது இரண்டாவது கேள்வி. எஞ்சிய ஆயுள் எவ்வளவு என்பதே முதற் கேள்வி. அதற்கு விடை கிடைக்காத இடத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்தல் ஆகாது.