இரண்டாகாமல் வளரும் செல்!

மத்திகிரியிலிருந்து தேன்கனிக்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? முதலில் ஷிஃப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் மல்பெரித் தோட்டங்கள். இரண்டுமே ஃபேக்டரி ஏரியாதான். என்ன, இரண்டாவதில் மெஷின், லேபர் எல்லாமே பட்டுப்புழு!

ஒரு கேள்வி. நீங்கள்தான் மேனேஜர். ஆர்டர் திடீரென எகிறுகிறது. என்ன செய்வீர்கள்? 'ஆள் எடுப்பேன்' என்பீர்கள். பட்டுப்புழு எடுக்காது. முட்டைக்குள் இருக்கும்போதே அதன் பட்டுச் சுரப்பியில் 'வேலை காலி இல்லை' போர்டு மாட்டியாகிவிட்டது. பட்டு இழைக்கான ஃபைப்ராயின் புரதத்தைச் செய்யும் பின்பகுதியில், ஒரு சுரப்பிக்குச் சுமார் 500 செல்கள். கடைசி வரைக்கும் அதே ஐந்நூறு பேர்தான்.

ஆனால் புழுவோ, சுமார் 25 நாளில் 10,000 மடங்கு எடை கூடும் ஆசாமி. அதற்கு சுரப்பி எப்படி ஈடுகொடுக்கிறது?

ஜெராக்ஸ்! சாதாரண செல், டி.என்.ஏ.வைப் பிரதி எடுத்ததும் இரண்டாகப் பிரியும். இந்த செல்கள் பிரதி எடுக்கும், பிரியாது. இப்படி 17 முதல் 19 தடவை. 2, 4, 8 என்று கால்குலேட்டரில் தட்டுங்கள். பதினெட்டாவது தடவை 2,62,144 வரும். அத்தனை மடங்கு டி.என்.ஏ. ஒரே செல்லுக்குள்! இதற்குப் பெயர்தான் பாலிப்ளாய்டு, அதாவது பன்மடிய செல்.

பிரிந்தால்தான் என்ன? பிரியும் நேரத்தில் குரோமோசோம்கள் இறுகச் சுருண்டுகொள்ளும். ஜீன்களின் வேலை ஏறக்குறைய நின்றுபோகும். கடையைச் சாத்திவிட்டுத்தான் பிரிய முடியும். புழுவுக்கு ஏது அவ்வளவு டைம்?

'பட்டு ஜீனை மட்டும் காப்பி எடுத்தால் போதாதா?' நல்ல டவுட். அமெரிக்காவின் பால்டிமோரில் சுஸுகி, டொனால்ட் பிரவுன் குழுவினர் 1972-ல் இதைத்தான் பார்த்தார்கள். இல்லையாம், மொத்தப் புத்தகமும் காப்பி ஆகிறது. ஒரு ஃபைப்ராயின் ஜீன் சில நாட்களில் 10,000 தூது ஆர்.என்.ஏ. தருகிறது, ஒவ்வொன்றும் 1 லட்சம் புரத மூலக்கூறுகளைத் தருகிறது. ஒரு ஜீனுக்கு 100 கோடி! 2011-ல் சீன விஞ்ஞானிகள் இந்தப் பின்பகுதி செல்களில் ராஸ் என்கிற ஜீனை முடுக்கிவிட்டார்கள். டி.என்.ஏ. பிரதிகள் கூடின, பட்டு 60 சதவிகிதம் கூடியது. புழு கூடுதலாகச் சாப்பிட்டது 20 சதவிகிதம்தான்.

இதற்கு விலையும் உண்டு. ஆள் குறைந்தால் புதுசாக எடுக்க வழியே இல்லை. தின்னும் இலையில் பெரும்பகுதியைப் புழு தின்பது கடைசியான ஐந்தாம் பருவத்தில்தான். அந்த ஒரு வாரம் இலை தட்டினாலோ, நோய் வந்தாலோ, கூடு மெலிந்துவிடும். மார்க்கெட்டில் விலையும் மெலிந்துவிடும். புழு வளர்க்கிற வீட்டில் ராத்திரி எழுந்து இலை போடுகிறார்களே, அதன் காரணம் இந்த ஐந்நூறு செல்தான். நூற்று முடிந்ததும் சுரப்பியும் அழிந்துவிடும். ஒரே சான்ஸ்!

'அட, புழு சமாசாரம்தானே' என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். டெங்கு வந்தால் 'கவுன்ட் எவ்வளவு?' என்று பதறுகிறோமே பிளேட்லெட், அதை உதிர்ப்பது நம் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பன்மடிய ராட்சச செல்தான். நம் கல்லீரலிலும் இதயத் தசையிலும்கூட பன்மடிய செல்கள் உண்டு.

அடுத்த முறை அந்த ரூட்டில் போனால் ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். ஓசூர் தளி ரோட்டில் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையமே இருக்கிறது. பயாலஜி எடுத்தவர்களே, லேப் உங்கள் ஊரிலேயே இருக்கு!